திரும்பி வரும் எடை

எல்க் வேட்டைக்கு வர ஆசைப்படும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். “அண்ணே, 6.5 கிரீட்மோர் போதுமா, இல்ல 300 வின்செஸ்டர் மேக்னமே வாங்கிடவா?” டென்வர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் மட்டுமல்ல, கொலராடோவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். தோட்டாவின் எடை, ஸ்கோப்பின் உருப்பெருக்கம், புதிதாக வந்திருக்கும் கேமோ துணி. நான் மேசைமேல் வரைபடத்தை விரித்து, “அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. வண்டிய எங்க நிறுத்தப் போற, மான எங்க சுடப் போற, அத மொதல்ல காட்டு” என்பேன்.

காரணம் எடை. கடமானைப் பார்த்தவர்களுக்கு எல்க்கின் உருவம் ஓரளவு பிடிபடும். அதே குடும்பத்து விலங்கு. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோல், தலை, குடல், எலும்பு எல்லாம் கழித்து வெறும் இறைச்சியாக எடுத்தாலே 80 முதல் 100 கிலோ தேறும். பெண் மானில் ஏறத்தாழ 60 கிலோ. 3,000 மீட்டர் உயரத்தில், பாதை இல்லாத காட்டில், பயிற்சி உள்ள ஒருவர் ஒரு நடைக்கு 30 கிலோ சுமக்கலாம். அப்படியானால் 90 கிலோவுக்கு மூன்று நடை. மான் விழுந்த இடம் வண்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர் என்று வையுங்கள். சுமையோடு மூன்று முறை வெளியே வர வேண்டும், வெறும் பையோடு இரண்டு முறை உள்ளே போக வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டர். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு சுமை, 12 கிலோமீட்டர். விழுந்து கிடக்கும் மரங்களும் இருட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை.

இதைப் போட்டுப் பார்த்த பிறகு வரைபடத்தில் வண்டியை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டுவிடுவேன். தனியாகப் போனால் மூன்று கிலோமீட்டர், துணை இருந்தால் ஐந்து. அதற்கு வெளியே எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் அது நான் சுட வேண்டிய மான் இல்லை. தூரத்தைவிட முக்கியம் சரிவு. வண்டி நிற்கும் இடத்துக்குக் கீழே, 300 மீட்டர் பள்ளத்தில் மானைச் சுட்டால், ஒவ்வொரு சுமையையும் அந்த 300 மீட்டர் மேலே ஏற்றியாக வேண்டும். அதே தூரத்தில் மேட்டில் சுட்டிருந்தால் சுமையோடு இறங்கி வரலாம். வரைபடத்தில் இருக்கும் உயரக்கோடுகளை வாசிக்கத் தெரிவது எந்தக் கருவியையும்விடப் பெரிய உதவி என்று நான் நம்புவது இதனால்தான்.

சக்கரம் வைத்த வண்டி இருக்கிறதே, அதில் வைத்துத் தள்ளி வரலாமே என்று கேட்பார்கள். ஃபிளாட் டாப்ஸ், வெமினூச் போல, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் மோட்டார் மட்டுமல்ல, எந்தச் சக்கரமும் உள்ளே போகக் கூடாது. சைக்கிளும் கூடாது, மானை வைத்துத் தள்ளும் கைவண்டியும் கூடாது. காலால் நடக்கலாம், குதிரையில் போகலாம். இறைச்சியைச் சுமந்து வரக் குதிரையும் ஆளும் அனுப்பும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் சீசனுக்கு வெகு முன்பே பேசி வைக்க வேண்டும். மானைச் சுட்ட பிறகு தொலைபேசியை எடுத்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

சுமக்க முடிந்த அளவு எடுத்துக்கொண்டு மீதியை விட்டு வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நான்கு கால்கள், முதுகுத் தண்டின் இருபுறமும் ஓடும் நீண்ட தசைகள், அதன் உட்புறம் இருக்கும் மென்தசைகள் இவை எல்லாவற்றையும் உணவுக்காக எடுத்து வர வேண்டும் என்பது கொலராடோவின் சட்டம். சட்டம் குறைந்தபட்சத்தைச் சொல்கிறது. கழுத்து இறைச்சியையும் விலா இடுக்கு இறைச்சியையும்கூட விட்டு வர எனக்கு மனம் வராது. ஓர் உயிரை எடுத்தவனுக்கு அந்த உழைப்பு கடமை.

ஆகவே நான் முதலில் பணம் போடச் சொல்வது முதுகுப்பையில். ஊர் சுற்றப் போகும்போது மாட்டும் ட்ரெக்கிங் பை இதற்கு ஆகாது. உறுதியான சட்டகம் வேண்டும், சுமையின் பெரும்பகுதியை இடுப்பு எலும்புக்குக் கடத்தும் அகலமான இடுப்புப் பட்டை வேண்டும். சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சி மூட்டையைச் செருகிக் கட்டும் இடமும் வேண்டும்; அங்கேதான் சுமை முதுகை ஒட்டி நிற்கும். முதுகைவிட்டு விலகித் தொங்கும் எடை ஒவ்வொரு அடியிலும் ஆளைப் பின்னால் இழுக்கும். பையை வாங்கும் முன் உடலின் உயரத்தைப் பார்க்காதீர்கள், முதுகின் நீளத்தை அளந்து பாருங்கள். ஆறடி ஆளுக்குக் குட்டை முதுகும், குள்ளமான ஆளுக்கு நீள முதுகும் இருக்கலாம்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் எதுவும் தெரியாது. இந்தியக் கடையில் விற்கும் 20 பவுண்டு சோனா மசூரி அரிசிப் பைகள் மூன்றை உள்ளே வைத்துக் கட்டினால் 27 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குன்றில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குங்கள். எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, பூட்ஸில் குதிகால் எங்கே உரசுகிறது, முழங்கால் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். முழங்காலுக்காக இரண்டு கைத்தடிகள் கட்டாயம். சுமையோடு இறங்கும்போது அவை இல்லாத வேட்டைக்காரரைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும்.

அடுத்தது கத்தியும் துணிப்பையும். பத்து டாலர் கத்தியா இருநூறு டாலர் கத்தியா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எல்க்கின் தோல் தடிமனானது. முடியில் ஒட்டியிருக்கும் மண் கத்தியின் கூரைச் சீக்கிரமே மழுக்கிவிடும். அலகு மாற்றும் சிறு கத்தி ஒன்று, உறுதியான நிலைக்கத்தி ஒன்று, இவை போதும். அலகு மாற்றும் கத்தியை மூட்டுக்குள் விட்டுத் திருகக் கூடாது, உடைந்து இறைச்சிக்குள் போய்விடும். மூட்டுக்கு நிலைக்கத்திதான்.

குடலை வெளியே எடுக்காமலே இறைச்சியைப் பிரிக்கும் முறை ஒன்று இங்கே பரவலாக இருக்கிறது. மானை ஒருக்களித்துக் கிடத்தி, மேல்பக்கத் தோலை முதுகிலிருந்து கீழ்நோக்கி உரித்து, முன்னங்கால், பின்னங்கால், முதுகுத் தசை, கழுத்து என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மறுபக்கம் புரட்டி அதையே செய்வது. உள்ளிருக்கும் மென்தசையைக் கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துவிடலாம். 300 கிலோ விலங்கைச் சரிவில் தனியாக வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளம் ஏதாவது ஒரு துண்டோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். வேகத்தில் அதை வெட்டி எறிந்துவிடக் கூடாது.

இறைச்சிக்கு முதல் எதிரி சூடு. அக்டோபரில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். பகலில் வெயில் பட்ட சரிவு 15 டிகிரியைத் தொடும். ஆனால் வெளியே பனியே கொட்டினாலும், தோல் உரிக்காமல் விட்டால் பின்தொடையின் எலும்பை ஒட்டிய இறைச்சி உள்ளே சூடாகவே இருந்து கெட்டுவிடும். அந்தத் தோல் குளிர்காலத்தைத் தாங்குவதற்காகவே உண்டானது. அதனால் மான் விழுந்ததும் படம் எடுத்து நேரத்தைக் கழிக்காமல் தோலை உரிக்கத் தொடங்க வேண்டும். பிரித்த துண்டுகளைக் காற்று புகும் துணிப்பையில் போட்டு, நிழலில், தரையில் படாமல் கிளையில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். துணிப்பைகள் ஐந்தாறு சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்தவர்கள் இவற்றை மறந்துவிட்டு வருவதை மலையடிவாரத்தில் பார்த்திருக்கிறேன்.

கரடியையும் நினைவில் வைக்க வேண்டும். கொலராடோவில் இருப்பது கருங்கரடிதான். கிரிஸ்லி கடைசியாகக் கொல்லப்பட்டது 1979இல், தெற்கே சான் வான் மலையில். வயோமிங், மொன்டானா பக்கம் போனால் கதை வேறு. அங்கே கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கேயானாலும் தொங்கவிட்ட இறைச்சி குடல் கிடக்கும் இடத்திலிருந்தும் படுக்கும் இடத்திலிருந்தும் நூறு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். திரும்பி வரும்போது தூரத்தில் நின்றே பைனாகுலரில் பார்த்துவிட்டு அருகே போங்கள்.

உடைக்கு வருகிறேன். பருத்தி கூடாது, ஜீன்ஸ் கூடவே கூடாது. உள்ளாடையிலிருந்து எல்லாம் கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். உடல் விறைத்துப் போக உறைபனி தேவையில்லை. ஐந்து டிகிரியில் தூறலும் காற்றும் சேர்ந்தால் போதும். ஏறும்போது ஜாக்கெட்டைக் கழற்றிக் கொஞ்சம் குளிரோடே ஏறுங்கள், உச்சியில் உட்கார்ந்ததும் போடுங்கள். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடைக்குத் தரும் சூட்டை வேறு எதுவும் தராது, ஆனால் நனைந்தால் பயனில்லை. அதனால் மழை ஜாக்கெட் எப்போதும் பையின் மேல்பகுதியில்.

கேமோ துணிக்குப் பெரும் பணம் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிந்தாக வேண்டும், தலையிலும் எல்லாப் பக்கமும் தெரியும்படி அதே நிறம் வேண்டும். மான்களின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் நமக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரிவதில்லை. எல்க் உங்களைக் கண்டுபிடிப்பது மூக்கால். என் சட்டைப்பையில் இருக்கும் கருவிகளிலேயே விலை குறைந்தது, பொடி நிரப்பிய சிறு பிளாஸ்டிக் புட்டி. ஒரு முறை அழுத்தினால் பொடி எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்க்கலாம். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழிந்து இறங்கும். வெயில் ஏறியதும் அதே சரிவில் மேலே கிளம்பும். மாலையில் மறுபடி இறங்கும். காலையில் மேலிருந்து கீழே போய் மானை நெருங்கலாம் என்று நினைப்பவரின் வாசனை அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். ஒன்பது, பத்து மணிவாக்கில் காற்று திசை மாறும் நேரம் மிகச் சிக்கலானது. அப்போது நடக்காமல், உட்கார்ந்து பைனாகுலரில் எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது. 10×42 பைனாகுலரை ஒரு சிறு முக்காலியில் பொருத்திவிட்டால், கை நடுக்கத்தில் தவறவிட்ட காதும் கொம்பு நுனியும் தெரிய ஆரம்பிக்கும். இதற்குச் செலவழிக்கும் காசு வீணாகாது.

தூங்கும் ஏற்பாட்டில் ஓர் எச்சரிக்கை. ஸ்லீப்பிங் பேக்கின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் வெப்பநிலை பெரும்பாலும் தாங்கக்கூடிய எல்லை, சுகமாகத் தூங்கும் அளவு அதற்கும் சில டிகிரி மேலே இருக்கும். லேபிளில் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். கீழே விரிக்கும் பாயின் குளிர் தடுக்கும் அளவான ஆர் மதிப்பு நான்குக்குக் குறைந்தால் எவ்வளவு நல்ல பையும் பயன்படாது, குளிர் தரையிலிருந்து வரும். தண்ணீர் வடிகட்டும் கருவியை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஒரு முறை நனைந்து உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது. கொதிக்க வைப்பதானால் இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கே கொதித்துவிடும், மூன்று நிமிடம் விட வேண்டும். கேஸ் டப்பாவில் சாதாரண பியூட்டேன் இருந்தால் உறைநிலையில் ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததை வாங்குங்கள்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் தனியாகப் போகாதீர்கள். அவசர உதவிக்கு மட்டுமல்ல, “மான் கிடைத்தது, வர இரவாகும்” என்று வீட்டுக்கு ஒரு வரி அனுப்ப முடிந்தால் நிதானமாக வேலை செய்யலாம். தலையில் மாட்டும் விளக்கு இரண்டு, லித்தியம் பேட்டரி, காகித வரைபடம், திசைகாட்டி. கைபேசியைக் குளிர் படாமல் உடலை ஒட்டிய பையில் வையுங்கள்.

இப்போது துப்பாக்கி. எல்க்குக்குச் சட்டம் கேட்பது 0.24 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர். 1906இல் வந்த .30-06, 1925இல் வந்த .270 இரண்டும் இன்றும் இந்த மலைகளில் மானை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. உதை தாங்காமல் கண்ணை மூடிக்கொள்ள வைக்கும் மேக்னத்தைவிட, மூச்சு வாங்க ஓடி வந்து உட்கார்ந்த நிலையிலும் நீங்கள் சரியாகச் சுடக்கூடிய மிதமான துப்பாக்கி மேல். 500, 600 கெஜம் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மணிக்கு பத்து மைல் பக்கக்காற்று 300 கெஜத்திலேயே .30-06 தோட்டாவை ஆறேழு அங்குலம் தள்ளிவிடும். அதற்கு மேல் நான் சுடுவதில்லை. மாலையில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சுடலாம் என்று சட்டம் விடுகிறது. அடர்ந்த மரங்களின் ஓரத்தில் அந்தக் கடைசி நிமிடங்களிலும் நான் சுடுவதில்லை. காயம்பட்ட மானை இருட்டில் தேடும் நிலையை விலங்குக்கும் தரக் கூடாது, நமக்கும் வரக் கூடாது.

தோட்டா மட்டும் செம்பாக இருக்கட்டும். ஈயத் தோட்டா உடலுக்குள் துகள்களாகச் சிதறும். அந்தத் துகள்கள் இறைச்சியிலும் இருக்கும், காட்டில் விட்டு வரும் குடலிலும் இருக்கும். அதைத் தின்ன வரும் கழுகும் அண்டங்காக்கையும் ஈய நஞ்சுக்கு ஆளாகின்றன. கலிஃபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத்தை முற்றிலும் தடை செய்துவிட்டது. கொலராடோவில் அப்படிக் கட்டாயமில்லை, நாமே மாறிக்கொள்ளலாம்.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்து வளர்ந்த நண்பர்கள் சிலர், நம் ஊரில் தடை செய்யப்பட்டதை அங்கே போய்ச் செய்கிறாயே என்று கேட்பதுண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் கதைகளின் காலத்தை முடித்தது. அது அப்படியே நீடிக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். கொலராடோ வேறு வழியில் வந்தது. இறைச்சியை விற்பதற்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் நூறாண்டுகளுக்கு முன் இங்கே எல்க் அநேகமாக அற்றுப்போயிருந்தது. 1913, 1914இல் யெல்லோஸ்டோனிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து எஸ்டெஸ் பார்க்கில் விட்டார்கள். இன்று மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன, அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், தோட்டா, வில் ஆகியவற்றின் விற்பனையில் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. எந்த மலையில், எந்த வாரத்தில், எத்தனை பேர் சுடலாம் என்பதைக் கணக்கெடுப்பை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஏப்ரல் தொடக்கத்துக்குள் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லாரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். முதல் முறை வருபவர்கள் பெண் மானுக்கு விண்ணப்பியுங்கள். டேக் எனப்படும் அனுமதிச் சீட்டு எளிதில் கிடைக்கும், இறைச்சி மென்மையாக இருக்கும், சுமையும் குறையும்.

கடைசியாக வாங்க வேண்டியது ஒரு டீப் ஃப்ரீசர். அதை சீசனுக்கு முன்பே வாங்கி ஓடவிட்டிருங்கள். எல்க்கில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகுத் தசையை மிளகு, உப்பு தடவிச் சட்டியில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். முன்னங்கால் இறைச்சிக்கு பிரஷர் குக்கரில் ஆட்டிறைச்சியைவிட இரண்டு மூன்று விசில் கூடுதல் வேண்டும். ஆனால் அதற்கு முன் மானின் தலையை வனவிலங்குத் துறை அலுவலகத்தில் கொடுத்து, சி.டபிள்யூ.டி. என்னும் மூளை நோய் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். 1967இல் இதே மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில், அடைத்து வளர்த்த மான்களிடம்தான் இந்த நோய் முதலில் தெரியவந்தது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை; என்றாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத் துறையின் அறிவுரை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதியையும் பரிசோதனைச் சீட்டின் எண்ணையும் எழுதி வையுங்கள். முடிவு வரும்வரை அக்கம்பக்கத்தில் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.